ஃப்ரொங்னர்சேத்தரனிலிருந்து இறங்குவதா, சொங்ஸ்வானிலிருந்து ஏறுவதா? நூர்மார்க்கா பனிச்சறுக்குச் சுற்று

புதுச்சறுக்கர் | ஜனவரி 8

ஒஸ்லோவுக்கு வந்து இது மூன்றாவது குளிர்காலம். வேலையிடத்தில் எல்லாரும் ஒரே பாட்டுத்தான். முதலாம் இலக்க ரயிலில் மேலே ஃப்ரொங்னர்சேத்தரன் வரைக்கும் போ, அங்கிருந்து நூர்மார்க்கா காட்டுக்குள்ளால் உல்லவோல்சேத்தர் என்ற பண்ணை வீட்டு உணவகம், பிறகு சொங்ஸ்வான் ஏரி, அங்கே ரயில் ஏறி வீட்டுக்கு வா, முழுக்க இறக்கம்தான், புதிதாகப் பழகுகிறவனுக்கு இதைவிடச் சுகமான சுற்று இல்லை என்கிறார்கள். சமதரையில் விழாமல் போகப் பழகிவிட்டேன். மகளுக்கு ஒன்பது வயது, பள்ளிக்கூடத்தில் என்னைவிட நன்றாகச் செய்கிறாள். அவளையும் கூட்டிக்கொண்டு போக ஆசை. எங்களுக்கு இது சரிவருமா? ஆராவது போயிருக்கிறீர்களா?

காட்டுவழி | ஜனவரி 8, இரவு

முழுக்க இறக்கம் என்பதால்தான் சரிவராது, தம்பி.

சொங்ஸ்வான் ஏரி கடல்மட்டத்திலிருந்து 183 மீற்றர். ஃப்ரொங்னர்சேத்தரன் ரயில் நிலையம் 469 மீற்றர். உங்கள் வேலையிடத்துக்காரர் இந்த இரண்டு எண்ணையும் பார்த்து, மேலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தால் போதும் என்கிறார்கள். அவர்கள் மூன்று வயதில் சறுக்குக் கட்டை கட்டினவர்கள். இறக்கத்தில் அவர்களுக்குக் களைப்பு ஆறும். எங்களைப் போல முப்பது, நாற்பது வயதில் தொடங்கினவர்களுக்கு முழங்காலும் மணிக்கட்டும் போவது இறக்கத்தில்தான். ஏற்றத்தில் விழுந்து கை முறிந்த ஆளை நான் காணவில்லை.

நான் சொல்வது: அதே சுற்றைத் தலைகீழாகச் செய்யுங்கோ. சொங்ஸ்வானில் தொடங்கி உல்லவோல்சேத்தருக்கு ஏறுங்கோ. அங்கே இருந்து சாப்பிட்டுவிட்டு த்ரிவான்ஸ்துவா என்ற குடில் வழியாக ஃப்ரொங்னர்சேத்தரன். மிச்ச இறக்கத்தை ரயில் செய்யும். நீங்கள் இருக்கையில் இருந்து யன்னலால் பார்த்துக்கொண்டு வரலாம்.

முதல் துண்டு ஐந்தரை கிலோமீற்றர் அளவு, இரண்டாவது பத்துக்குக் கிட்ட. மொத்தம் 15, 16 என்று வையுங்கோ. புதியவருக்கு ஓய்வையும் சேர்த்து ஐந்து மணித்தியாலம் வேண்டும். இப்போது மூன்றரை மணி தாண்டியதும் சூரியன் விழுந்துவிடும். ஆகவே பெப்ரவரி நடுப்பகுதி மட்டும் பொறுங்கோ. அதுவரைக்கும் சொங்ஸ்வானிலிருந்து உல்லவோல்சேத்தர் பக்கம் கொஞ்சத் தூரம் போய்த் திரும்பிப் பழகலாம். அந்தப் பாதைக்கு மின்விளக்கு உண்டு, வேலை முடிந்து பின்னேரத்திலும் போகலாம்.

காட்டுவழி | ஜனவரி 9

என்ன கட்டை வாங்குவது என்று தனிமடலில் கேட்டிருக்கிறீர்கள். இங்கேயே எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

வாங்காதேயுங்கோ. பூஆ என்ற இரவல் நிலையங்கள் ஒஸ்லோவில் பல இடத்தில் இருக்கின்றன. சறுக்குக் கட்டை, சப்பாத்து, கம்பு எல்லாம் காசில்லாமல் தருவார்கள். முக்கியமாகப் பிள்ளைக்கு வாங்கவே வேண்டாம், அடுத்த வருடம் கால் வளர்ந்துவிடும்.

இரவலோ சொந்தமோ, கட்டையை உயரத்துக்குப் பார்த்து எடுப்பதைவிட எடைக்குப் பார்த்து எடுப்பது முக்கியம். சறுக்குக் கட்டை நடுவில் மேலே வளைந்திருக்கும். இரண்டு காலிலும் சமமாக நின்றால் அந்த நடுப்பகுதி பனியைத் தொடாமல் நிற்கும், கட்டை வழுக்கும். ஒரு காலில் முழு எடையையும் வைத்து உதைக்கும்போது அது பனியில் அமுங்கிப் பிடிக்கும், நீங்கள் முன்னே போவீர்கள். உங்கள் எடைக்கு அது விறைப்பாக இருந்தால் எவ்வளவு உதைத்தாலும் நடுப்பகுதி பனியைத் தொடாது, ஏற்றத்தில் பின்னுக்கு வழுக்குவீர்கள். புதியவர்கள் பலர் தங்களுக்குப் பலம் போதாது என்று நினைத்து விட்டுவிடுவதற்கு இதுதான் காரணம். குற்றம் காலில் இல்லை, கட்டையில்.

அந்தப் பிடிப்பகுதிக்கு இரண்டு வழி. பழைய வழி மெழுகு. நீலம் உலர்ந்த குளிருக்கு, ஊதா பூச்சியத்தை அண்டினதுக்கு, உருகி உறைந்த பனிக்கு க்லிஸ்தர் என்ற பசை. பனித்துகளின் கூர் மெழுகுக்குள் குத்தி நிற்பதால்தான் பிடி வருகிறது. மெழுகு பனிக்கு மென்மையானால் கட்டையில் பனி திரளும், கடினமானால் பிடிக்காது. இது ஒரு தனிப் படிப்பு. புதிய வழி, கட்டையின் அடியில் மொஹேர் என்ற ஆட்டு மயிர்ப் பட்டை ஒட்டியிருப்பது. மயிர் பின்பக்கம் சாய்ந்திருக்கும். முன்னே வழுக்கும், பின்னே பிடிக்கும். முதல் வருடத்துக்கு நீங்கள் மயிர்ப் பட்டையையே கேளுங்கோ.

காட்டுவழி | ஜனவரி 9, பிறகு

கம்பின் உயரம் விட்டுப்போச்சு. கட்டையை நேராக வைத்து உதைத்துப் போகிற இந்த வகைக்கு அக்குளுக்கும் தோளுக்கும் இடையில் வரவேண்டும். கடைப்பெடியன் வாயளவு கம்பைத் தந்தால் அது ஸ்கேற்றிங்குக்கு, கட்டையைப் பக்கவாட்டில் தள்ளிப் போகிற வகைக்கு. வேண்டாம் என்று சொல்லுங்கோ.

காட்டுவழி | ஜனவரி 13

ரயிலில் கட்டையோடு ஏற விடுவார்களா என்று ஒரு அக்கா கேட்டிருந்தா. தாராளமாக. ஞாயிறு காலையில் முதலாம் இலக்க ரயிலில் கட்டை இல்லாமல் நிற்கிற ஆளைத் தேடவேண்டும். இரண்டு கட்டையையும் சேர்த்துக் கட்டி நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளுங்கோ, கம்பின் கூர் கீழே பார்க்கட்டும். போவதும் வருவதும் வேறு வேறு ரயில் தடம் என்றாலும் மயூர்ஸ்துவன் நிலையத்தில் இரண்டும் சந்திக்கும். கார் கொண்டுபோனால் தொடங்கின இடத்துக்குத் திரும்ப வரவேண்டிய கட்டாயம் வந்துவிடும். இந்தச் சுற்றை மூடுகிறதே ரயில்தான்.

அந்த மலை ரயில் 1898 இல் தொடங்கினது. 1916 இல் ஃப்ரொங்னர்சேத்தரன் பக்கம் நீட்டினார்கள். ஒரு தலைநகரத்து ஆட்கள் சறுக்குக் கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு அரை மணித்தியாலத்தில் காட்டு விளிம்பில் போய் நிற்பது இந்த வழியால்தான் சாத்தியமானது.

1973 டிசம்பரில் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்து வார இறுதியில் கார் ஓட்டத் தடை போட்டபோது, அரசர் ஐந்தாம் ஊலாவ் சறுக்கு உடுப்போடு இதே ரயிலில் ஏறி மக்களோடு மக்களாக இருந்து போனார். அப்போது எடுத்த படத்தை நோர்வேயில் பார்க்காதவர் குறைவு. கையில் ரயில் காசு நீட்டுகிற அரசர். நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு அலுவலகச் சுவரில் கண்டேன். அது ஆர் என்று தெரியாமலே கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றது ஞாபகம். அந்த ரயில் போகிற வழியில் ஹொல்மன்கொல்லனில் அவருக்குச் சிலையும் இருக்கிறது, சறுக்கிக்கொண்டு, பக்கத்தில் நாயோடு.

காட்டுவழி | ஜனவரி 17

"இவ்வளவு தடத்தையும் ஆர் போடுகிறார்கள், ஏன் ரிக்கெற் இல்லை?" நல்ல கேள்வி. நீளமாகப் பதில் சொல்ல ஆசையாக இருக்கிறது.

தடம் போடுவது ஷீஃபொரெனிங்கன் என்ற சங்கம், 1883 இல் தொடங்கினது. ஒஸ்லோவைச் சுற்றிய காடுகளில் 2,000 கிலோமீற்றருக்கு மேல் தடங்களைப் பராமரிக்கிறார்கள். இயந்திரம் இரவில் ஓடிப் பனியை இறுக்கி, இரண்டு கட்டைக்கும் இரண்டு கோடு வெட்டி, பக்கத்தில் ஸ்கேற்றிங்குக்கு அகலமாக விட்டுப் போகும். எந்தத் தடம் எப்போது போட்டது என்று அவர்களுடைய செயலியில் பார்க்கலாம். உறுப்பினர் காசு கட்டினால் அவர்களுக்கு உதவி. கட்டாதவரையும் ஒருவரும் மறிக்க மாட்டார்கள்.

நூர்மார்க்காவின் பெரும்பகுதி தனியார் காடு. மரம் வெட்டி விற்கிற காடு. ஆனாலும் நீங்கள் அதற்குள் போகலாம். நடக்கலாம், சறுக்கலாம், பழம் பிடுங்கலாம். 1957 இல் வந்த சட்டம் அதை எழுத்தில் உறுதிப்படுத்தியது. 1946 இல் இந்தக் காட்டுக்குள்ளால் உயர் அழுத்த மின்கம்பி இழுக்கத் திட்டம் போட்டபோது பல்லாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். போர் முடிந்து ஒரு வருடம்தான். சாப்பாட்டுக்கே பங்கீடு இருந்த நேரம். அந்த நேரத்தில் ஒரு சனம் காட்டுக்காக வீதிக்கு வந்திருக்கிறது என்று முதன்முதலில் அறிந்தபோது எனக்கு இந்த ஊர்மேல் ஒரு மரியாதை வந்தது. 2009 இலிருந்து காட்டின் எல்லையைக் காக்கத் தனிச் சட்டமே இருக்கிறது. நகரம் எவ்வளவு வீங்கினாலும் வீடு கட்டுகிறவர் அந்தக் கோட்டைத் தாண்ட முடியாது.

இன்னொன்று. ஒஸ்லோக்காரர் குடிக்கிற தண்ணீரில் பத்தில் ஒன்பது பங்கு அளவு மாரிடால்ஸ்வான் ஏரியிலிருந்து வருகிறது. அந்த ஏரிக்கு நீர் வருவது இந்தக் காட்டிலிருந்து. இந்தக் காட்டுப் பனியில் ஒரு பங்கு வசந்தத்தில் உருகி அங்கேதான் போகும். இதனால்தான் புளோரின் கலந்த பழைய மெழுகு பற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது. அது நன்றாக வழுக்கும் என்று பந்தயக்காரர் பூசினார்கள். அதில் இருக்கிற வேதிப்பொருள் இயற்கையில் சிதையாது, பனியிலிருந்து மண்ணுக்குப் போய் அங்கேயே தங்கும். த்ரொண்ட்ஹைம் நகரில் ஒரு சறுக்கு மைதானத்தின் மண்ணிலும் மண்புழுவிலும் அதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். 2023 குளிர்காலத்திலிருந்து உலகப் போட்டிகளில் முழுத் தடை. பழைய கட்டையோடு ஆராவது ஒரு மெழுகுப் பெட்டியும் தந்தால், புளோரின் என்று எழுதியிருப்பதை எடுத்து நச்சுக் கழிவில் போடுங்கோ. விலை கூடினது என்று வைத்திருக்க வேண்டாம்.

காட்டுவழி | ஜனவரி 18

சுருக்கமாக வழி ஒழுங்கு: வலப்பக்கம் போங்கோ. இறங்கி வருகிறவருக்கு வழி விடுங்கோ, அவரால் நிற்க முடியாமல் இருக்கலாம். விழுந்தால் முதலில் தடத்தை விட்டு உருண்டு விலகுங்கோ, நோவைப் பிறகு பார்க்கலாம். கோட்டுக்குள் சப்பாத்துக் காலால் நடக்காதேயுங்கோ. மரத்தில் சிவப்பு அடையாளம் சறுக்குத் தடம், நீலம் கோடைகால நடைபாதை. மகளுக்கு இதைச் சொல்லி வையுங்கோ, சந்திகளில் அவளே வழி பார்ப்பாள்.

காட்டுவழி | ஜனவரி 24

ஞாயிறு இந்தச் சுற்றை இந்தக் கேள்வியை மனதில் வைத்தே போய் வந்தேன். ஏற்கெனவே எழுதினதைக் கொஞ்சம் நிமிர்த்தவேண்டும்.

சொங்ஸ்வானிலிருந்து ஏறுவது அகலமான காட்டு வீதி. கோடையில் வண்டி போகிற வீதிதான், ஆகவே திடீர் வளைவு இல்லை. ஸ்ப்ரூஸ் மரங்கள் இரண்டு பக்கமும் சுவர் மாதிரி. காற்று உள்ளே வராது. கீழே பத்துப் பாகை குளிர் என்றாலும் ஏறத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் வியர்க்கும். இங்கே அவசரப்படாமல், கோட்டுக்குள் நின்று, சின்ன அடி வைத்து ஏறினால் மயிர்ப் பட்டை பிடித்துக்கொள்ளும். பிடிக்காத செங்குத்தில் கோட்டை விட்டு வெளியே வந்து, கட்டைகளின் முன்நுனியை விரித்து உள்விளிம்பில் மிதித்து ஏறுங்கோ. மீன் முள் மாதிரி அடையாளம் விழும், நோர்வேக்காரரும் அதை மீன்முள் என்றுதான் சொல்வார்கள்.

உல்லவோல்சேத்தர் பழைய பண்ணை வீடு. உள்ளே வாஃபல், சூடான பாண், ஈரக் கம்பளி மணம். வெளியில் வெயில் இருந்தால் வெளி வாங்கில் இடம் கிடைக்காது. எந்த நாளில் எத்தனை மணிக்குத் திறப்பு என்று போக முதல் பாருங்கோ.

அங்கிருந்து த்ரிவான்ஸ்துவா பக்கம் போகிற தடத்தைப் பற்றித்தான் கூடுதலாகச் சொல்லவேண்டும். கணக்குப்படி ஏற்றம். ஆனால் காடு நேரே ஏறாது. ஏறி, விழுந்து, மறுபடி ஏறும். இடையிடையே குட்டி இறக்கங்கள் வரும். ஒவ்வொன்றும் நீளம் குறைந்தது, அடியில் சமதரை இருக்கும், வேகம் தானாகக் குறையும். பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை. மாறாக உல்லவோல்சேத்தரிலிருந்து சொங்ஸ்வானுக்கு இறங்கினால் நீண்ட, இடைவிடாத இறக்கம். அதுவும் ஞாயிறு பின்னேரம் என்றால் எதிரே குஞ்சு குருமன், இடுப்பில் கயிறு கட்டிக் குழந்தையைச் சறுக்குத் தொட்டிலில் இழுக்கிற தாய்மார், நாய்கள். பத்துக் கிலோமீற்றர் போன களைத்த கால் அந்த இடத்தில்தான் கேட்காது. இந்த விஷயத்தில் நான் முதல் நாள் சொன்னதில் மாற்றமில்லை.

மாற்றவேண்டியது பிள்ளை பற்றினது. ஏறிப் போகிற வழியில் ஒரு குறை இருக்கிறது. உல்லவோல்சேத்தரில் மகள் இனி ஏலாது என்றால், மிச்சம் பத்துக் கிலோமீற்றர் மேலே, அல்லது ஐந்தரை கீழே. கீழே வருவதென்றால் அதே நீண்ட இறக்கத்தால்தான் வரவேண்டும். இறங்கி வந்திருந்தாலும் அந்த இடத்தில் இதே இறக்கம்தான் மிஞ்சியிருக்கும். ஆனால் அப்போது அது வீட்டுக்குப் போகிற வழி என்று மனம் ஏற்கெனவே தயாராக இருக்கும். ஏறிப் போகிறபோது திரும்பி வருவது தோல்வி மாதிரிப் பிள்ளைக்குப் படும். ஆகவே வீட்டிலேயே அவளிடம் சொல்லுங்கோ: இன்றைக்குப் பயணம் உல்லவோல்சேத்தர் மட்டும்தான், மேலே போவது அங்கே இருந்து யோசிப்போம். இந்த நாட்டு மலை விதிகளில் ஒன்றே நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை என்பது. க்விக் லுன்ஷ் சொக்லேற் உறையின் உட்பக்கத்தில் அந்த விதிகளை அச்சடித்திருப்பார்கள். வாசிக்கக் கொடுங்கோ, சொக்லேற்றோடு சேர்த்து.

திரும்பி இறங்கும்போது செங்குத்து வந்தால் கட்டையைக் கழற்றி, தடத்தின் கரையால் நடந்து இறங்குங்கோ. ஒருவரும் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள்.

காட்டுவழி | ஜனவரி 25

"கோட்டுக்குள் போகும்போது எப்படி வேகத்தைக் குறைப்பது, அது தண்டவாளம் மாதிரி இழுத்துக்கொண்டு போகிறதே" என்று ஒருவர். ஒரு காலை மட்டும் கோட்டிலிருந்து எடுத்து வெளியே வையுங்கோ. அந்தக் கட்டையின் முன்நுனி உள்ளே பார்க்க, பின்வால் வெளியே விரிய, உள்விளிம்பில் அழுத்துங்கோ. மற்றக் கால் கோட்டிலேயே நிற்கும், அது உங்களை நேராக வைத்திருக்கும். இரண்டையும் எடுத்து விரிக்கிற முழுக் கலப்பையைவிட இது இலகு. ஆனால் முடிவை இறக்கம் தொடங்க முதலே எடுக்கவேண்டும். வேகம் வந்தபிறகு காலை எடுப்பது நடக்காது. முழங்காலை மடக்குங்கோ, கம்பின் கூர் பின்னால் பார்க்கட்டும். நிமிர்ந்து நிற்கிறவர்தான் விழுவார்.

காட்டுவழி | ஜனவரி 30

இந்த வாரம் ஒருவரும் போகவேண்டாம்.

இரண்டு நாள் மழை, பிறகு இரவில் உறைந்துவிட்டது. கோடுகள் கண்ணாடி. மயிர்ப் பட்டைக்குப் பனித்தும்பு வேண்டும். பனிக்கட்டியில் அதற்குப் பிடி இல்லை, ஏற்றத்தில் பின்னுக்குப் போவீர்கள், இறக்கத்தில் கலப்பையும் நிற்காது. ஏறுவதா இறங்குவதா என்ற எங்கள் வாதமே இந்தப் பனியில் செல்லாது. க்லிஸ்தர் பூசத் தெரிந்தவர்கள் போகட்டும். புதுப்பனி விழுந்து இயந்திரம் ஓடுகிறவரைக்கும் ஏரியைச் சுற்றி நடவுங்கோ, சப்பாத்துக்குக் கீழே ஆணிப்பட்டை போட்டுக்கொண்டு. சொங்ஸ்வானைச் சுற்றி மூன்று கிலோமீற்றர் சொச்சம்.

பிள்ளைகள் அடம்பிடித்தால் கொர்க்கத்ரெக்கரன். ஃப்ரொங்னர்சேத்தரனிலிருந்து மிட்ஸ்துவன் நிலையம் வரைக்கும் இரண்டு கிலோமீற்றர் சறுக்குவண்டிப் பாதை. கீழே இறங்கினால் ரயிலில் மறுபடி மேலே. ஆனால் அதுவும் இந்த வாரம் கல் மாதிரித்தான் இருக்கும், தலைக்கவசம் கட்டாயம்.

காட்டுவழி | பெப்ரவரி 3

உடுப்பு. எங்கள் ஆட்கள் செய்கிறது, குளிருக்குப் பயந்து பஞ்சு ரீசேட், அதற்குமேல் ஸ்வெற்றர், அதற்குமேல் தடித்த குளிரங்கி. ஏற்றத்தில் பஞ்சு வியர்வையைக் குடித்துக்கொண்டு உடம்போடு ஒட்டும். நின்றவுடன் அதுவே குளிரூட்டி. உடம்போடு ஒட்டினது கம்பளியாக இருக்கட்டும், மெல்லியதாக. மேலே காற்றை மறிக்கிற மெல்லிய சட்டை போதும். தடித்ததைப் பையில் வையுங்கோ, நிற்கும்போது மட்டும் போடுங்கோ. புறப்படும்போது கொஞ்சம் குளிர வேண்டும். மாற்று உள்சட்டை ஒன்று கட்டாயம், உல்லவோல்சேத்தரில் மாற்றினால் மிச்ச வழி வேறு ஆளாகப் போவீர்கள். பிள்ளைக்குக் கையுறை இரண்டு சோடி, விரல் பிரியாத வகை.

சாப்பாட்டுக்கு நோர்வேக்காரர் தோடம்பழமும் சொக்லேற்றும் கொண்டுபோவார்கள். தோடம்பழம் குளிரில் பல்லைக் கூசவைக்கும். எங்கள் வீட்டில் இறைச்சி ரோல்ஸ். சூடாக அலுமினியத் தாளில் சுற்றி, துவாயில் பொதிந்து, உடுப்புக்கு நடுவில் வைத்தால் இரண்டு மணித்தியாலம் தாங்கும். இஞ்சி போட்ட பிளேன்ரீ ஒரு ஃபிளாஸ்க். பக்கத்து வாங்கிலிருந்த ஒரு கிழவி மணம் பிடித்துக்கொண்டு வந்து என்ன அது என்று கேட்டுப் பாதி ரோல் சாப்பிட்டா. போகும்போது எங்கள் பிள்ளைகளுக்குத் தன் வாஃபலைக் கொடுத்துவிட்டுப் போனா. காட்டுக்குள் இந்தச் சனம் வேறு மாதிரி. ரயிலில் பக்கத்தில் இருக்கப் பின்வாங்குகிற அதே ஆள் தடத்தில் "ஹேய்" என்று சொல்லாமல் கடக்க மாட்டார்.

காட்டுவழி | பெப்ரவரி 10

இழை வேறு பக்கம் போகிறது, போகட்டும். "தமிழர் ஆராவது உண்மையில் சறுக்குகிறார்களா, இல்லை இது எல்லாம் பிள்ளைகளுக்காகவா" என்ற கேள்விக்கு.

எண்பதுகளில் இங்கே வந்த பெரியவர்கள் பலர் மக்கள் உயர்பள்ளிகள் என்கிற விடுதிப் பள்ளிகளின் வழியாக வந்தவர்கள். நாட்டின் மூலை முடுக்கெல்லாம் அந்தப் பள்ளிகள். குளிர்காலத்தில் அங்கே வேறு வேலை இல்லை. வந்து சில மாதத்தில் கட்டை கட்டி விட்டிருக்கிறார்கள். வடக்கே மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களும் சிலர் பழகினார்கள். அந்தத் தலைமுறையில் எனக்குத் தெரிந்த ஒரு ஐயா ஓய்வு எடுத்தபிறகும் நூர்மார்க்காவின் உள்ளே இருக்கிற ஷீக்குத் குடில்வரை போய் வருவார். அவரிடம்தான் நான் ஏறிப் பழகு என்ற புத்தியைக் கேட்டது. பருத்தித்துறைக் கடலில் நீந்தப் பழக்கும்போது கரையை நோக்கித்தான் நீந்த விடுவார்கள், அதுபோல முதலில் இறுதியில் பத்திரமான இடம் இருக்கிற பக்கமாகப் போ என்றார்.

பிர்க்கபெய்னர் பந்தயத்துக்கு ஆயத்தமாகிறேன் என்று எழுதின தம்பிக்கு: வாழ்த்து, மனதார. ரேனாவிலிருந்து லில்லஹாமர், 54 கிலோமீற்றர், முதுகில் மூன்றரை கிலோ. 1206 இல் உள்நாட்டுப் போரின் நடுவே, பின்னால் அரசனான குழந்தை ஹோக்கனை இரண்டு வீரர்கள் சறுக்கிக்கொண்டு மலை கடத்தினதன் நினைவுதான் அந்தச் சுமை. 1932 இலிருந்து நடக்கிறது. ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு பனியைக் கடந்து போரிலிருந்து தப்பினதை ஒரு நாடு எட்டு நூறு வருடமாக மறக்காமல் வைத்திருக்கிறது. எங்களில் பலருக்கு அந்தக் கதையைக் கேட்கும்போது தொண்டை அடைக்கும். எனக்கு அடைத்தது. ஆயத்தத்துக்கு நூர்மார்க்காவில் நீளத் தடங்கள் வேண்டியது இருக்கின்றன, ஆனால் இந்தச் சுற்றை விடிய ஒருமுறை, மறுநாள் எதிர்த்திசையில் ஒருமுறை செய்யுங்கோ. எந்தத் தசை எந்தத் திசையில் வலிக்கிறது என்று தெரியும்.

புதுச்சறுக்கர் | பெப்ரவரி 20

விடுமுறை வாரத்தில் போனோம். சொங்ஸ்வானிலிருந்து ஏறித்தான். மகள் உல்லவோல்சேத்தரில் இரண்டு வாஃபல் சாப்பிட்டுவிட்டு மேலே போவோம் என்று அவளே சொன்னாள். ஃப்ரொங்னர்சேத்தரன் வந்து சேர நாலரை மணி. நான் கனமுறை விழுந்தேன், எல்லாம் அந்தக் குட்டி இறக்கங்களில், ஒன்றும் நோகவில்லை. அவள் விழவே இல்லை. கடைசி இரண்டு கிலோமீற்றரில் எனக்குக் கை முழுவதும் நடுங்கியது, ஏன்?

காட்டுவழி | பெப்ரவரி 20, இரவு

வாசித்ததும் வீட்டில் எல்லாருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். எவ்வளவு சந்தோஷம்!

கை நடுங்கினது, கால் வேலையைக் கை செய்ததால். களைத்தவுடன் உதைப்பதை விட்டுவிட்டுக் கம்பால் உடம்பை இழுக்கத் தொடங்குவோம். அடுத்தமுறை ஒரு சின்ன ஏற்றத்தில் கம்பு இல்லாமல் ஏறிப் பழகுங்கோ. எடை முழுவதும் ஒரு காலுக்குப் போனால்தான் கட்டை பிடிக்கும், கம்பு இல்லாவிட்டால் உடம்பு அதைத் தானே கண்டுபிடிக்கும். அதோடு நீங்கள் போதியளவு சாப்பிடவில்லை என்றும் நினைக்கிறேன். மகள் இரண்டு வாஃபல், நீங்கள்? பசிக்க முதல் சாப்பிடவேண்டும், முக்கால் மணிக்கு ஒருக்கால் ஏதாவது வாயில் போடுங்கோ.

இப்போது இறங்கிப் போகலாமா என்றால், உங்களுக்கு இன்னும் இல்லை, மகளுக்கு ஓம். அவளை ஷீஃபொரெனிங்கன் பிள்ளைகள் வகுப்பில் சேருங்கோ. பிறகு அவள் முன்னுக்கு இறங்கி உங்களுக்கு வழி காட்டுவாள்.

காட்டுவழி | பெப்ரவரி 21

நேற்று எழுதினதில் ஒரு சேர்க்கை. ஃப்ரொங்னர்சேத்தரனில் ரயிலுக்கு முதல் அந்தப் பழைய மர உணவகத்துக்குப் போனீர்களா? 1891 இல் கட்டினது, ஆப்பிள் கேக்குக்குப் பேர்போனது. விலைதான் கொஞ்சம் கடிக்கும். யன்னலால் முழு ஒஸ்லோவும் ஃபியோர்டும் தெரியும். இறங்கிப் போகிறவர்கள் பயணத்தின் தொடக்கத்தில் வயிறு நிறைந்திருப்பதால் அதைக் கடந்து போய்விடுவார்கள். ஏறி வருகிறவர்களுக்கு அது முடிவில் கிடைக்கிறது.

காட்டுவழி | மார்ச் 22

இனி இந்தச் சுற்றை முழுதாகச் செய்ய முடியாது. சொங்ஸ்வான் பக்கம் பள்ளம், அங்கே பனி முதலில் போகும். நேற்று ஏரிக்கரையில் சரளைக்கல் வெளியே வந்துவிட்டது. மேலே மட்டும் இன்னும் நல்ல தடம். ஆகவே ஏப்ரல்வரை ஃப்ரொங்னர்சேத்தரனில் தொடங்கி அங்கேயே திரும்புங்கோ, த்ரிவான்ஸ்துவா பக்கம் போய்த் திரும்பினாலே ஒரு நல்ல நாள். காலையில் தடம் இறுகியிருக்கும், நண்பகலுக்குப் பிறகு கஞ்சி. பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில் போய் வருவது நல்லது. உறைந்த ஏரிகளுக்கு மேலால் குறுக்கே போகாதேயுங்கோ, மேலே பனி வெள்ளையாக இருந்தாலும் நீர் வரும் வாயிலும் போகும் வாயிலும் கட்டி மெலிந்திருக்கும்.

நாய் வைத்திருக்கிறவர்கள்: ஏப்ரல் 1 இலிருந்து ஓகஸ்ற் 20 வரை காட்டில் நாயைக் கயிற்றில் பிடிக்கவேண்டும், பறவை குஞ்சு பொரிக்கிற, மான் குட்டி போடுகிற காலம்.

சொந்தக் கட்டை வாங்கியே தீருவேன் என்கிறவர்களுக்கு இதுதான் நேரம், கடைகள் கழிவு விலையில் கொடுத்து முடிக்கும். எடையைச் சொல்லி எடுங்கோ. மயிர்ப் பட்டையில் ஒட்டின அழுக்கை அதற்கான திரவத்தால் துடைத்து, நிழலில் காயவிட்டு, கட்டைகள் இரண்டும் நடுவில் இறுகாமல் தளர்வாகக் கட்டி வையுங்கோ. இறுக்கிக் கட்டினால் கோடை முழுவதும் அமுங்கி, அந்த நடு வளைவு செத்துவிடும்.